குறட்டை நின்ற நேரம்

எங்கள் வீட்டில் அப்பாவின் கட்டில் ஆசாரத்துக்கு, அதாவது அறைகளுக்கு வெளியே உள்ள கூடத்துக்கு, வந்தது 2012-ல், என் கல்யாணம் முடிந்த கையோடு. சண்டை எதுவும் இல்லை. அவர் குறட்டையால் அம்மா பல வருடமாகவே சரியாகத் தூங்கவில்லை. இப்போது மருமகள் வந்துவிட்டாள், இரண்டு அறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான், அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்குமே என்று அம்மாவுக்குக் கூச்சமாகிவிட்டது. "ஏனுங்க, நீங்க வெளிய காத்தாட படுத்துக்கங்க" என்றார். அப்பா மறுபேச்சுப் பேசாமல் தலையணையை எடுத்துக்கொண்டு போனார். முப்பது வருடத்துக்கு மேல் லாரி கேபினில் முடங்கிப் படுத்தவருக்கு, ஆசாரத்தில் கால் நீட்டிப் படுப்பது சௌகரியமாகக்கூட இருந்திருக்கும். நடுவில் ஒரு கனமான கதவு. இரவு பத்து மணிக்கு அதைச் சாத்திவிட்டால் உள்ளே எல்லாருக்கும் தூக்கம். பதினோரு வருடம் அந்தக் கதவைப் பெரும்பாலும் நான்தான் சாத்தினேன். அந்த நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

அப்பா நாமக்கல் லாரிக்காரர். பதினெட்டு வயதில் கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு சொந்தமாக ஒரு வண்டி எடுத்து, 2016 வரை லைனுக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்புறம் வண்டியை விற்றுவிட்டு ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்தார். அவருடைய தூக்கம் எங்கள் சொந்தபந்தத்தில் பேர்போனது. "எனக்கென்ன சாமி, படுத்தா கட்டையாட்டம் தூங்குவேன்" என்று பெருமையாகச் சொல்வார். டீக்கடை பெஞ்சில் தூங்குவார். கோயிலில் பூசைக்கு மணி அடிக்கும்வரை தூணில் சாய்ந்து தூங்குவார். ஆபீஸில் பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். எழுத்து கோணலாகி, ஒரு கோடாக இழுத்துக்கொண்டு, தாளை விட்டுக் கீழே இறங்கும். அப்படி இழுத்த கோடுகள் அவர் பில் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் உண்டு. தூக்க மாத்திரை போட்டும் தூக்கம் வராத சித்தப்பா, "அண்ணனுக்கு அது சாமி குடுத்த வரம்" என்பார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். உழைத்த உடம்பு, அசந்து தூங்குகிறது என்று. பந்தியில் இலை போட்டதுமே அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறவரை நல்ல சாப்பாட்டுக்காரர் என்கிறோம். அவர் மூன்று நாள் பட்டினி கிடந்தவராகவும் இருக்கலாம் அல்லவா? அப்பாவின் தூக்கத்தை நாங்கள் அந்தக் கண்ணால் பார்த்ததே இல்லை.

மண்டபத்தில் ஒரு ராத்திரி

2023 ஆவணியில் திருச்செங்கோட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். முதல் நாள் இரவே போய்விட்டோம். ஆண்களுக்கு மாடியில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். பதினைந்து பேர் இருப்போம், வரிசையாகப் படுத்திருந்தோம். அப்பா எனக்கு அடுத்து. இத்தனை வருடம் கழித்து அன்றைக்குத்தான் அவர் பக்கத்தில் படுக்கிறேன். பத்து நிமிடத்தில் குறட்டை தொடங்கியது. "பெரியப்பா வண்டிய எடுத்துட்டாரு" என்று இருட்டில் யாரோ சொல்ல, ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. கொஞ்ச நேரத்தில் குறட்டை சட்டென்று நின்றது. "அப்பாடா" என்று இன்னொரு மூலையிலிருந்து ஒரு குரல். எனக்கும் அதே நிம்மதிதான். திரும்பிப் படுத்துக் கண்ணை மூடினேன்.

மூடிய கண்ணோடு அடுத்த குறட்டைக்காகக் காத்திருந்தேன் போல. அது வரவில்லை. வரவேண்டிய நேரம் தாண்டியும் வரவில்லை. அந்த அமைதி கனத்துக்கொண்டே போனது. பிறகு, கிணற்றில் முங்கியவன் மேலே வந்து காற்றை வாங்குவது போல ஒரு திணறல். உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. மறுபடி குறட்டை. நாலைந்து இழுப்பு. மறுபடி அமைதி. எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். வெளியே தொங்கிய சீரியல் விளக்கு வெளிச்சம் சிவப்பும் பச்சையுமாக அவர் மேல் விழுந்துகொண்டிருந்தது. வயிறு அசைந்துகொண்டுதான் இருந்தது. அதனால்தான் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு மூச்சு ஓடுகிறது என்றே தோன்றும். ஆனால் வயிறு மேலே ஏறும்போது நெஞ்சு உள்வாங்கியது. மூக்கருகே விரலை வைத்தேன். காற்று இல்லை. உள்ளே உடம்பு முழு பலத்தோடு இழுக்கிறது, ஒரு சொட்டுக் காற்றும் போகவில்லை. போனை எடுத்து நேரம் பார்த்தேன். 31 வினாடி. அடுத்தது 44. அடுத்தது 38. அதற்கடுத்து 52. விடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் இறந்தபோது, தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய்தான் காரணம் என்று மருத்துவமனை சொன்னதைச் செய்தியில் படித்திருந்தேன். படித்துவிட்டு மறந்தும் போயிருந்தேன். அன்று ராத்திரி அது ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. ஆசாரத்துக் கதவுக்குப் பின்னால் குறட்டைச் சத்தம் அடங்கும்போதெல்லாம் 'அப்பாடா' என்று நானும் புரண்டு படுத்திருக்கிறேன். எத்தனை ராத்திரி என்று கணக்கே கிடையாது.

கிளீனர் சொன்னது

காலையில் சொன்னபோது அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அட நீ ஒண்ணு கண்ணு, அசதி" என்று முடித்துவிட்டார். அம்மாதான் யோசித்துவிட்டு, "முந்தி வண்டியில இருந்த பையன்கூட ஒருக்கா இப்படி என்னமோ சொன்னான்" என்றார். அந்தப் பையனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும், அவரே சொந்தமாக இரண்டு வண்டி வைத்திருக்கிறார். போன் போட்டேன். "ஆமாங்க தம்பி. அண்ணன் தூங்கறப்ப மூச்சு நின்னு நின்னு வருமுங்க. பயந்துபோயி தட்டி எழுப்பியிருக்கேனுங்க. எதுக்குடா எழுப்புறேன்னு வாங்கிக் கட்டிக்கிட்டதுதான் மிச்சம்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, தொப்பூர் விஷயத்தையும் சொன்னார்.

தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே, விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாய் இறக்கம் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் தொப்பூர் கதை ஒன்று உண்டு. தர்மபுரி தாண்டி அந்த இறக்கத்தில் வரும்போது ஒரு நாய் குறுக்கே வந்ததாகவும், அப்பா வண்டியை இடது பக்கம் ஒடித்து நிறுத்தியதாகவும் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். கிளீனர் சொன்னது வேறு. நாய் எதுவும் வரவில்லை. மூன்றரை மணி இருக்கும், வண்டி தானாக இடது பக்கம் ஒதுங்கி, சக்கரம் ஜல்லியில் இறங்கிய சத்தத்தில்தான் பக்கத்தில் தூங்கிய கிளீனர் விழித்திருக்கிறார். அவர் போட்ட சத்தத்தில் அப்பா பிரேக்கை மிதித்திருக்கிறார். அப்பா எங்களிடம் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சில வினாடி வந்து போகும் அந்தத் தூக்கம் தூங்கினவருக்கே தெரியாது. நடுவில் விட்டுப்போன வினாடிகளை நிரப்ப அவருக்கு ஒரு நாய் தேவைப்பட்டிருக்கிறது.

முப்பத்தெட்டு வருட ஓட்டத்தில் எத்தனை முறை லைசென்ஸ் புதுப்பித்திருப்பார்! கண் தெரிகிறதா, கை கால் நன்றாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். தூக்கம் எப்படி என்று ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. பிரிட்டனில் இந்த நோயோடு பகல் தூக்கமும் உள்ளவர் வண்டி ஓட்டக் கூடாது, லைசென்ஸ் அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும், சிகிச்சையில் கட்டுப்பட்ட பிறகு ஓட்டலாம். இங்கே நெடுஞ்சாலையில் சில இடங்களில் போலீஸார் நடுராத்திரியில் லாரியை நிறுத்தி, முகம் கழுவச் சொல்லி, டீ கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு ராத்திரி கண்விழித்தவருக்குத்தான் அந்தத் தண்ணீரும் டீயும் உதவும். பல வருடமாக உருப்படியான தூக்கமே காணாதவருக்கு அது பத்து நிமிடத்துக்குத் தாங்காது.

கழுத்துக்குள் நடப்பது

அப்பாவை நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிப்போக எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மூக்குக்கும் குரல்வளைக்கும் நடுவே உள்ள தொண்டைக்கு எலும்பின் முட்டு கிடையாது, வெறும் தசைதான் அதைத் திறந்து வைத்திருக்கிறது. தூங்கும்போது எல்லாத் தசையும் போலத் தொண்டைத் தசையும் தளர்கிறது. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரிகிறது. கழுத்தில் கொழுப்பு இருந்தாலோ, தாடை சிறிதாக உள்ளடங்கி இருந்தாலோ இடம் இன்னும் குறுகும். குறுகின வழியில் காற்று போகும்போது சதை அதிர்கிற சத்தம்தான் குறட்டை. முழுக்க ஒட்டிக்கொண்டால் சத்தமே இருக்காது. பத்து வினாடிக்கு மேல் மூச்சு நின்றால் கணக்கில் சேர்க்கிறார்கள். ஆக்சிஜன் இறங்க இறங்க மூளை பதறிப்போய், தூங்குகிறவரை அரைகுறையாக எழுப்பித் தொண்டையைத் திறக்கிறது. தொண்டை திறந்ததும் மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. எட்டு மணி நேரம் தூங்கினோம் என்றே நினைப்போம்.

ஒவ்வொரு பதறலிலும் இதயம் படபடக்கிறது, இரத்த அழுத்தம் எகிறுகிறது. ராத்திரியில் இறங்கி ஓய்வெடுக்க வேண்டிய அழுத்தம் விடியவிடிய ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அப்பா அப்போது மூன்று விதமான பிரஷர் மாத்திரை சாப்பிட்டும் 160-க்குக் கீழே வராமல் இருந்தார். "உப்பைக் குறைங்க" என்று சொல்லிச் சொல்லி அம்மாவிடம் நான் கோபப்பட்டிருக்கிறேன். சர்க்கரையும் அதே கதை; தூக்கம் இப்படி அறுந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. இதயத் துடிப்பு தாறுமாறாவதற்கும் பக்கவாதத்துக்கும் இந்த நோயோடு நெருங்கிய தொடர்பு உண்டு என்றார் மருத்துவர். காலையில் வரும் தலைவலிக்குக்கூட, வெளியே போக முடியாமல் இரத்தத்தில் தேங்கும் கரியமில வாயு ஒரு காரணம்.

என்னை உலுக்கியது இன்னொரு விஷயம். அப்பா ராத்திரியில் நாலு முறை ஐந்து முறை ஒன்றுக்குப் போக எழுந்திருப்பார். வயதாகிவிட்டது, புராஸ்டேட்தான் என்று இரண்டு வருடம் அதற்கு மாத்திரை சாப்பிட்டார். மருத்துவர் கேட்டார்: "ஐயா, ஒன்றுக்கு வந்து முழிப்பு வருதா, இல்ல முழிச்சதுக்கு அப்புறம் ஒன்றுக்கு வருதா?" அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. அடைபட்ட தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகம் அதைக் கேட்டு உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. தொண்டையில் ஒரு அடைப்பு, அதற்குப் பலன் மூத்திரப்பையில். இப்படி அப்பாவின் ஒரு நோயை நாங்கள் ஐந்து நோயாகப் பிரித்து, ஐந்து டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தோம்.

தூக்கப் பரிசோதனையை சேலத்தில் ஒரு மருத்துவமனையில் செய்தோம். தலையில், கண்ணோரத்தில், தாடையில், காலில் எல்லாம் ஒயர். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஒவ்வொரு பட்டை. மூக்கில் குழாய், விரலில் கிளிப். ஒரு மணி நேரத்தில் மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் எத்தனை முறை என்று எண்ணுகிறார்கள். 5 வரை சரி, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். அப்பாவுக்கு 52. கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஒரு முறை. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 68 சதவீதம் வரை இறங்கியிருந்தது. கொரோனா காலத்தில் விரலில் கிளிப் மாட்டி 90-க்குக் கீழே போனால் ஆம்புலன்ஸுக்கு ஓடினோம். இவர் ஒவ்வொரு ராத்திரியும் அங்கே போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்.

காற்று நின்ற டியூப்பு

மருந்து எதுவும் இல்லை, ஒரு மெஷினை மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும் என்றதும் அப்பா முகம் சுருங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசி மூச்சுக்குப் போராடுகிறவர்களுக்குத்தான் மாஸ்க் என்பது அவர் எண்ணம். "வேண்டாஞ்சாமி, இன்னும் எத்தனை நாளைக்கு, இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்றார். அப்போது அந்த மருத்துவர் சொன்ன ஒரு கதைதான் அவரை மாற்றியது. 1980-க்கு முன்பு இதன் தீவிர நிலைக்கு ஒரே நல்ல வழி கழுத்தில் ஓட்டை போடுவதுதான். அடைப்புக்குக் கீழே துளை போட்டு, அதன் வழியாக மூச்சு விட வைப்பார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் கோலின் சல்லிவன் என்ற மருத்துவர், தூசி உறிஞ்சும் மெஷினின் மோட்டாரை வைத்துக் காற்றை ஊதி, மூக்கு வழியாக லேசான அழுத்தத்தில் அனுப்பிப் பார்த்தார். கழுத்தில் துளை போட வேண்டியிருந்த ஒரு நோயாளி ஒரு ராத்திரி இதை முயன்று பார்க்க ஒத்துக்கொண்டார். அழுத்தம் ஏறியதும் தொண்டை திறந்துகொண்டது, அந்த மனிதர் விடியும்வரை தூங்கினார். 1981-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைக்கு சிபாப் என்று எல்லாரும் சொல்லும் மெஷின் அதுதான்.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னிடம், "காத்து இல்லாத டியூப்பு ஒட்டிக்கும் கண்ணு. கொஞ்சம் காத்து நின்னாப் போதும், ஒட்டாது. அவ்வளவுதானே?" என்றார். மருத்துவர் அரை மணி நேரம் விளக்கியதை இதைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. மெஷின் ஆக்சிஜன் கொடுப்பதில்லை. சாதாரணக் காற்றுதான். தொண்டை ஒட்டிக்கொள்ளாதபடி அது முட்டுக் கொடுக்கிறது. அந்த முட்டு இல்லாவிட்டால் மறுபடி ஒட்டும். அதனால்தான் தினமும் போட வேண்டும்.

முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. மெஷினும் மாஸ்க்கும் சேர்ந்து 48,000 ரூபாய் ஆனது. முதலில் கொடுத்த மாஸ்க் அவர் மீசையில் சரியாக உட்காராமல் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. இந்த மீசையைத் தொடுவதென்றால் மெஷினே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மீசைக்கு மேலே மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்ன மாஸ்க் ஒன்று இருக்கிறது என்பது மூன்றாவது வாரத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. தொண்டை வறண்டது, வெதுவெதுப்பான ஈரக் காற்று தரும் தண்ணீர்த் தொட்டியைச் சேர்த்தோம். கரண்ட் போனால் பயந்து எழுந்தார், இன்வெர்ட்டரில் இணைத்தோம். இப்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்ய ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டியிருந்தது. பலரும் முதல் மாதத்திலேயே மெஷினை அட்டைப் பெட்டிக்குள் போட்டு பரணில் ஏற்றிவிடுகிறார்கள் என்று விற்பனைக்காரரே சொன்னார். நோயாளியின் பிடிவாதம் மட்டும் அதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. மெஷினை விற்கிறவர் ஒரு முறை மாட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார், அதன் பிறகு கேட்க ஆளில்லை.

ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் காலை அப்பா எழுந்து வந்து, "ராத்திரி ஒருக்காத்தான் எந்திரிச்சேன்" என்றார். சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை வரவில்லை. மூன்று மாதத்தில் ஒரு பிரஷர் மாத்திரையைக் குறைத்தார்கள். ஆபீஸில் உட்கார்ந்தபடி தூங்குவது நின்றது. கோபம் குறைந்தது என்று அம்மா சொன்னார். கட்டில் ஆசாரத்திலிருந்து உள்ளே திரும்பிவிட்டது.

எல்லாருக்கும் இப்படியே நடக்கும் என்று எழுத எனக்கு மனமில்லை. மெஷின் போட்டால் மாரடைப்பே வராது என்று சிலர் விற்கிறார்கள். அது உண்மையில்லை. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2016-ல் வெளியான பெரிய ஆய்வில், மெஷின் கொடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாக ஒரு ராத்திரிக்கு மூன்றரை மணி நேரம்கூட அதைப் போடவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன, மனசு தெளிந்தது என்று அதே ஆய்வு சொல்கிறது. பிரஷரும் சராசரியாகப் பார்த்தால் கொஞ்சம்தான் இறங்குமாம். அப்பா போல மாத்திரைக்கு மசியாதவர்களுக்குத்தான் பலன் கூடுதல். பட்டப்பகலில் விழித்திருக்க முடிவதே ஒரு மனிதருக்குப் பெரிய விஷயம். லாரி ஓட்டுகிறவருக்கு அது உயிர்.

மெஷின் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. லேசான, நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்குப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தரும் ஒரு கருவி இருக்கிறது. கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் தள்ளி நாக்கு பின்னால் சரியாமல் பிடித்துக்கொள்ளும். அதை மாட்டப் போதுமான பல் வேண்டும். மல்லாந்து படுத்தால் மட்டும் மூச்சு நிற்கிறவர்களும் உண்டு. என் மாமா ஒருவருக்கு அப்படி. அத்தை அவர் பனியனின் முதுகில் ஒரு பந்தை வைத்துத் தைத்துவிட்டார், புரண்டால் உறுத்தும். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. உடல் எடையில் பத்து சதவீதம் குறைந்தால் மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்ற அந்த எண் கிட்டத்தட்ட கால்வாசி இறங்கும் என்று நீண்டகால ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. எடை குறைக்கும் ஊசி மருந்தான திர்செபடைடை, உடல் பருமனோடு இந்த நோய் நடுத்தரமாகவோ தீவிரமாகவோ உள்ளவர்களுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். நாக்கின் நரம்பைத் தூண்டும் கருவியை நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைப்பதும் அங்கே 2014 முதல் நடக்கிறது. அந்தக் கருவி இங்கே நம் கைக்கு எட்டும் விலையில் இல்லை. தொண்டைச் சதையை வெட்டும் ஆபரேஷன் சிலருக்குப் பலிக்கிறது, சிலருக்குப் பலிப்பதில்லை. குழந்தைகள் விஷயம் வேறு: வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடும் குழந்தைக்குப் பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும்தான் அடைப்பு, எடுத்துவிட்டால் அநேகமாகச் சரியாகிவிடும். லைனில் பலருக்கும் படுக்கும் முன் ஒரு குவார்ட்டர் பழக்கம். அசதிக்கு என்பார்கள். அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி, மூச்சு நிற்கும் நேரத்தைக் கூட்டுகிறது. தூக்க மாத்திரையையும் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது.

பக்கத்தில் படுத்தவர்

இந்த நோய் வந்தவருக்கு இந்த நோய் தெரியாது. நான் சொல்ல நினைப்பது இந்த ஒன்றைத்தான். காய்ச்சல் வந்தவருக்குக் காய்ச்சல் தெரியும், வலி வந்தவருக்கு வலி தெரியும். தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பக்கத்தில் படுத்தவர் மட்டும்தான் பார்க்க முடியும். முன்பு மொட்டை மாடியில் எல்லாரும் வரிசையாகப் படுத்தோம். இப்போது ஆளுக்கொரு அறை, குறட்டை விடுகிறவருக்குக் கடைசி அறை. உடம்பு சரியில்லை என்று சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆளையும் நாமே கதவுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிடுகிறோம். அப்பாவின் மருத்துவர் முதல் நாள் கேட்ட முதல் கேள்வி, "யார் இவர்கூடப் படுக்கிறது?" என்பது. நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

போன மாதம் ஒரு நாள் அப்பா என்னை ஆசாரத்துக்குத் தனியாகக் கூப்பிட்டார். "கண்ணு, உங்கம்மாளுக்கும் நின்னு நின்னு வருதடா" என்றார். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மா ஒல்லி. ஐம்பது கிலோவைத் தாண்டியதில்லை. அவர் குறட்டையை யாரும் கேட்டதும் இல்லை. கடைசியாகப் படுத்து முதலில் எழுந்திருக்கிறவரின் குறட்டையை யார் கேட்பது? மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது கூடிவிடுகிறது. அவர்களுக்குப் பெரும்பாலும் அது பெரிய குறட்டையாக வருவதில்லை. தூக்கம் பிடிக்காதது, அசதி, தலைவலி, மனச்சோர்வு என்று வேறு வேடத்தில் வருகிறது. 1993-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் 30 முதல் 60 வயதுக்காரர்களை வைத்து எடுத்த புகழ்பெற்ற கணக்கிலேயே, மணிக்கு ஐந்து முறைக்கு மேல் மூச்சு தடைபடுகிறவர்கள் ஆண்களில் 24 சதவீதம், பெண்களில் 9 சதவீதம். எடை கூடாமலே நம் பக்கத்து ஆட்களுக்கு இது வருகிறது, தாடை அமைப்பும் ஒரு காரணம். அம்மாவின் 'எனக்குத் தூக்கமே சரியில்ல'யைப் பத்து வருடமாக நான் அப்பாவின் குறட்டைக் கணக்கில் எழுதியிருந்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது, "நான் எங்கடா தூங்குறேன், எனக்கு மூச்சு நிக்கறதுக்கு?" என்றார். காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். அப்பா எழுந்து போய் ஆபீஸ் பையிலிருந்து பில் புத்தகத்தை எடுத்து வந்து, அதன் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அம்மா முன்னால் வைத்தார். இரண்டு ராத்திரி, மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். 18. 22. 15. 26. 19. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, கோணல் இல்லாமல், பக்கத்தின் அடிவரைக்கும்.

வியாழக்கிழமை சேலத்துக்குப் போகிறோம்.